நேற்றைய வண்டுகள்

பின்கதவைத் தாழிட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டாள் அவள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் யாரும் தோட்டத்துப் பக்கம் போய்விடக் கூடாது. அழுகையைவிட அந்தக் கவலைதான் முந்திக்கொண்டு நின்றது. அங்கே அப்பாவின் உருளைக்கிழங்குச் செடிகள் இலையெல்லாம் அரிக்கப்பட்டுச் சல்லடையாக நின்றன.

நடமாட்டம் இருந்தவரை அப்பா விடிந்ததும் சோப்புத் தண்ணீர்க் குவளையோடு செடிகளிடம் போய்விடுவார். மருந்து அடிக்க மனசு வராது. இலை இலையாகத் திருப்பி, புள்ளி வண்டுகளைப் பொறுக்கிக் குவளைக்குள் போடுவார். படுத்த படுக்கையானதும் அந்த வேலை மகள் தலையில் விழுந்தது. முதல் நாள் இடுப்பு ஒடியப் பொறுக்கினாள். மறுநாள் துணிக்கடை வேலைக்கு நேரமாகிவிட்டது. நேற்றைய வண்டுகள் கிடந்த குவளையையே குலுக்கி, நுரை வரவழைத்து அவர் முன்னால் நீட்டினாள். அப்பா தலையைத் தூக்கி எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். அப்புறம் தினமும் அதே குவளைதான். அதே வண்டுகள்தான்.

அப்பாவின் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

"கதவத் தெறடி. உள்ள மூச்சு முட்டுது."

"வேணாம் அத்தை. வெளிய ஒரே சேறு."

அத்தை வறண்டு கிடந்த படிக்கட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"செடியத்தானே மறைக்கிற? அவனுக்குத் தெரியும்டி. 'றெக்கை பிஞ்ச வண்டு ஒண்ணு தெனமும் வந்து விழுதுக்கா. அதுக்கும் நம்ம வீட்ட விட்டா வேற போக்கிடம் இல்லபோல'ன்னு சொல்லிச் சிரிச்சான்."

அவளுக்குக் காது மடல் கொதித்தது.

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா புள்ள கூசிப் போயிடும்னான்."

உள்ளே யாரோ, செடியைக்கூட மகள்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாளாம் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். அத்தை மறுத்துப் பேசவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். குவளையின் அடியில் ஒட்டியிருந்த வண்டுகளைச் சுரண்டிக் கொட்டினாள். புதுத் தண்ணீர் பிடித்துச் சோப்பைக் கரைத்தாள். மண்ணில் மண்டியிட்டு, மிஞ்சியிருந்த ஓர் இலையைத் திருப்பினாள்.

"எடுக்கப் போறோம். வாம்மா" என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அப்பாவின் கால்மாட்டில் வந்து நின்றபோதுதான் குவளை இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்தது. யாரும் அது என்னவென்று கேட்கவில்லை. நுரைக்கு நடுவே வண்டு ஒன்று காலை அசைத்துக்கொண்டிருந்தது.