சாவியக்கா கேட்கும் கேள்வி

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜின் ஒன்பதாம் எண் அறை, குள்ளமானவர் தங்கினால் பத்தடியும் நெட்டையானவர் தங்கினால் பதினான்கடியும் இருந்தது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறைகளைப் பெருக்கித் துடைத்துச் சாவி கொடுப்பவளுக்குச் சாவியக்கா என்றே பேராகிவிட்டது. சாவியை நீட்டும்முன் அவள் ஒன்று கேட்பாள்: "எது இல்லைன்னா உங்களுக்குத் தூக்கம் வராது?" விருந்தாளி இருபத்திரண்டு படி ஏறுவதற்குள் அறை தன்னைத் திருத்திக்கொள்ளும். கண் தெரியாத வாத்தியாருக்கு மேசை நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கி நின்றன. இரட்டைக் குழந்தைக்காரிக்கு ஜன்னல் கொக்கி எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டது. சண்டையோடு வந்த புருஷன் பெண்டாட்டிக்குக் கட்டில் இரண்டாகப் பிரிந்து, காலைக் காப்பி நேரத்துக்குள் மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. அமைதி வேண்டும் என்றவருக்கு அறை அள்ளிக் கொடுத்துவிட, மனுஷன் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்காமல் பயணத்தைக் கோட்டைவிட்டார்.

பத்தொன்பது வருஷம் இப்படிப் போனது. பிறகு முதலாளி லாட்ஜை ஒரு கம்பெனிக்கு விற்றார். கம்பெனி அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். இனி எல்லா அறையும் ஒரே அளவு, ஒரே நிறம். மூச்சு வாங்காமல் படி ஏற முடியாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் வேலை இல்லை என்றார். சாவியக்காவுக்கு முட்டி தேய்ந்து வருஷம் மூன்றாகிறது. மகளின் நர்ஸ் படிப்பு இன்னும் முடியவில்லை. அதிகாரி ஒன்பதாம் அறையை மூன்று முறை அளந்தார், மூன்று கணக்கு வந்தது. அதைச் சுவர் வைத்து அடைத்துவிடச் சொன்னார்.

மற்ற அறைகளில் பெயிண்ட் ஈரமாக இருந்ததால் அன்று அவரே அதில்தான் தங்க வேண்டியிருந்தது. அவர்மேல் கடுப்பு இருந்தாலும் சாவியக்கா வழக்கத்தை விடவில்லை, கேட்டாள். அவர் வருஷம் பூராவும் லாட்ஜ் லாட்ஜாகத் திரிவதாகவும், காலையில் கண் விழித்தால் எந்த ஊர் என்றே தெரிவதில்லை என்றும் சொன்னார். மறுநாள் விடிந்ததும் அவர் ஜன்னலைத் திறந்தார். நானூறு மைலுக்கு அப்பால் இருக்கும் அவர் வீட்டுக் கொல்லை வெளியே இருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினாள், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

கண்ணாடியோடு இறங்கி வந்தவர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரையும் கேட்டீங்களேக்கா. உங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்டதில்லை. அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது.

"இந்தப் படி மட்டும் இல்லாம இருந்தா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார்."

மறுநாள் காலையில் பார்த்தால், ஒன்பதாம் அறை மாடியிலிருந்த மற்ற நான்கு அறைகளையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒரு விரிசல் இல்லை. சாவியக்கா அதன் கதவு நிலையைத் தடவி, நல்லா இருப்பே என்றாள். அதிகாரி வரைபடத்தைத் திருத்தினார், படி விதியை அடித்தார், சுவர் வைக்க வந்த கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார். துணி காயப்போட, அறைகள் இறங்கிப் போன மொட்டைமாடிதான் மிச்சம் இருந்தது. அந்த இருபத்திரண்டு படியையும் ஏறி, ஈர விரிப்புகளை அதிகாரியே கொடியில் போட்டார். கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி, கிளிப் மாட்டச் சொல்லி சாவியக்கா குரல் கொடுத்தாள்.