ஒன்பதாவது மிருகம்

ஷாயிஸ்தா ஸ்டூல் மேல் ஏறி நின்று, உள்ளறை வாசலில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் கட்டில் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். விரிப்பு தரையைத் தொடவில்லை. ஒரு சாண் குறைந்தது.

"போதும் விடு," என்றாள் அவள் அண்ணி நஃபீசா. "அந்தத் தம்பியோட காலைத்தானே பாக்கப்போறேன்."

அன்று விடியற்காலையில் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் வாஜித் இறந்துபோயிருந்தான். முப்பத்தெட்டு வயது. நேத்து சாப்பிட்ட பரோட்டாதான் நெஞ்சில் நிக்குது என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனவன். அவன் மனைவி நஃபீசா இப்போது வெள்ளைத் துணியில் முடிச்சூர் வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். இனி நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, இத்தா. ஆனால் அந்நிய ஆண் ஒருவனிடம் அவள் ஒரு விஷயம் கேட்டே ஆகவேண்டும். கேட்கச் சொன்னதே மாமனார் அத்தாவுல்லாதான்.

அவர் மகனைக் குளிப்பாட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார். சட்டைக் கை இரண்டும் முழங்கை வரை நனைந்திருந்தது. கற்பூர வாசனை. கதவருகே நின்று, யாரோ அவரைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிவிட்டது போல நாலு பக்கமும் பார்த்தார்.

"அவங்கூட வேல பாத்த பையன் வந்திருக்கான் நஃபீசா. இருக்குன்றான். ஏன் இருக்குன்னு கேட்டா இல்லன்றான். ரெண்டு தடவ கேட்டுட்டேன். சூட்கேஸ் கட வச்சிருக்கற எனக்கு இதெல்லாம் என்ன வெளங்கும்? நீ கம்ப்யூட்டர் படிச்சவ. நீ கேளு. அஸருக்குள்ள எனக்குத் தெரியணும்."

அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நஃபீசா படித்ததெல்லாம் கிழக்குத் தாம்பரத்தில் மூன்று மாதம் டேலி கணக்கு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். வாஜித்துக்கு வேலை, வேளச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் விளையாட்டுகளுக்குப் படம் வரைவது. கடைசியாக ஒரு விளையாட்டு செய்தார்கள். ஒருத்தன் வற்றிப்போன ஏரியைக் கடந்து அக்கரைக்குப் போகவேண்டும்; வழியில் வருகிற மிருகங்களையெல்லாம் சுட்டுத் தள்ளவேண்டும். வாஜித் ஒன்பது மிருகம் வரைந்தான். ஷேர் ஆட்டோ ஹாரனை மூக்காக வைத்த கொசு, ஆகாயத்தாமரையைத் தலைப்பாகையாகக் கட்டிய எருமை, குக்கரை முதுகில் சுமந்து வரும் நண்டு. ஒவ்வொன்றாக வரைந்து வரைந்து நஃபீசாவிடம் காட்டுவான். பயமா இருக்கா என்று கேட்பான். பசிக்குது என்பாள் இவள், அந்த நண்டைப் பார்த்து.

அத்தாவுல்லாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. உயிருள்ளதைப் போல உருவம் செய்கிறவனிடம், மறுமையில், இதற்கு உயிர் கொடு என்று கேட்கப்படும் என்பது அவர் சின்ன வயசிலிருந்து கேட்டு நம்பி வந்தது. அதற்காக அவர் மகனோடு சண்டை போடவில்லை. பயந்தார். சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, மரம் வரையேன், வீடு வரையேன், பாலம் வரையேன் என்பார். ஒருநாள் தாங்கமாட்டாமல், "அங்க போயி நின்னு நீ என்னடா பண்ணுவே?" என்று கேட்டார். வாஜித் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டான்.

போன மாதம் கம்பெனியில் அந்த ஒன்பதையும் எடுத்துவிட்டார்கள். வாஜித் வந்து அவரிடம் சொன்னான்: "எல்லாத்தையும் எடுத்தாச்சு அத்தா. நான் வரைஞ்சது ஒண்ணுகூட வெளியில வராது." அத்தாவுல்லா அப்போதே ஒளுச் செய்துகொண்டு வந்து இரண்டு ரக்அத் தொழுதார். மறுநாள் கடை மூடி வரும்போது தாம்பரம் மார்க்கெட்டில் ஆட்டுக்கால் வாங்கி வந்தார். வீட்டில் ஒரு மாதமாக நிம்மதி.

இன்றைக்கு அந்தப் பையன், துக்கத்துக்கு வந்த இடத்தில், பெரியவர் அழுகிறாரே என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறான்: அண்ணன் வரைஞ்ச மிருகமெல்லாம் எங்கயும் போகல அங்கிள், விளையாட்டுக்குள்ள அப்படியே இருக்கு. அதைக் கேட்ட பிறகு அவர் அழவில்லை.

விரிப்புக்கு அடியில் இரண்டு கால் வந்து நின்றது. ஒரு சாக்ஸில் கட்டை விரல் எட்டிப் பார்த்தது.

"அக்கா, ஜெயகிருஷ்ணன். சாரிக்கா. நான் என்ன தப்பா சொன்னேன்னே எனக்குப் புரியல."

"தப்பு ஒண்ணுமில்ல தம்பி. எடுத்தாச்சுன்னு அவர் சொன்னாரு. நீ இருக்குன்றே. எது நெசம்?"

"ரெண்டும் நெசம்தான்க்கா."

நஃபீசா ஷாயிஸ்தாவைப் பார்த்தாள். ஷாயிஸ்தா உதட்டைப் பிதுக்கினாள்.

அவன் விளக்கத் தொடங்கினான். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு நம்பர் உண்டாம். விளையாட்டு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுமாம். நடுவில் ஒன்றை உருவி எடுத்தால் அதற்கடுத்தது அந்த நம்பருக்கு நகர்ந்துவிடும். தண்ணீரில் வரவேண்டியது மரத்தில் வரும், எல்லாம் குழம்பி, போனே நின்றுவிடும். விளையாட்டை அனுப்பும் தேதி நெருங்கிவிட்டால் யாரும் எதையும் உருவமாட்டார்கள். கூப்பிடுகிற வரியை மட்டும் அழித்துவிடுவார்கள். வேண்டாத படங்களை இடம் அடைக்காதபடி நசுக்கி ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள்.

நஃபீசா தலையாட்டினாள். ஆட்டியது அவனுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"இப்ப உங்க தெருவுலயே பாருங்கக்கா," என்றான் அவன். "ஒரு வீட்ட பூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்காக மத்த வீட்டு நம்பரையெல்லாம் மாத்துவாங்களா? தபால்காரர் அந்த வீட்டுக்குப் போகமாட்டாரு. அவ்ளோதான்."

"உள்ள ஆள் இருக்கா இல்லியா?"

"இருக்கு. யாரும் கதவத் தட்ட மாட்டாங்க."

"இது அவருக்குத் தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியாதா? எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே அவர்தானேக்கா."

அப்படியென்றால் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். ஒண்ணுகூட வெளியில வராது. நஃபீசா அந்த வாக்கியத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியில் வராது என்றுதான் சொன்னான். இல்லை என்று சொல்லவில்லையோ? எடுத்தாச்சு என்றும் சொன்னானே. பெத்தவரிடம் பொய் சொல்லிவிட்டுப் போனானா, பாதி சொல்லிவிட்டுப் போனானா? கேட்கவேண்டிய ஆள் பத்தடி தள்ளி, கூடத்தில், மூன்று வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தான். எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று ஒரு நொடி நிஜமாகவே காலை ஊன்றினாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் அழிக்க முடியுமா தம்பி? மாமாவுக்கு அதுதான் தெரியணும்."

"முடியும். நம்பரையெல்லாம் முதல்லேர்ந்து மாத்தணும், அனுப்பறத ரெண்டு நாள் தள்ளிப் போடணும், திட்டுவாங்க. பரவால்லக்கா, அண்ணனுக்காகச் செய்யறேன். ஆனா இப்பவே சொல்லணும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பறோம். அனுப்பிட்டா எத்தன ஆயிரம் போன்ல போயி உக்காரும்னு எனக்கே தெரியாது. அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

நஃபீசாவுக்கு வேலை முடிந்த மாதிரிதான் இருந்தது. அழித்துவிடு என்று ஒரு வார்த்தை. மாமனாரிடம் போய், போயிடுச்சு மாமா என்று இன்னொரு வார்த்தை. அவர் நிம்மதியாக மகனுக்குத் தொழவைக்கப் போவார்.

ஜெயகிருஷ்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எட்ட வேணா அழிச்சுடலாம்க்கா. அதெல்லாம் எடம் பத்தலன்னு கம்பெனி எடுத்தது. ஒன்பதாவதுதான்... அது கம்பெனி எடுக்கல. அண்ணனே வேணாம்னு எடுக்கச் சொன்னது."

"ஏன்?"

"சுட்டுப் பாக்கறதுதான் என் வேல. எல்லாத்தையும் நூறு தடவ சுட்டுப் பாத்து, சரியா விழுதான்னு பாக்கணும். ஒன்பதாவத சுடும்போது அண்ணன் பின்னாடி நின்னுட்டிருந்தாரு. ரெண்டு தடவ விழுந்துச்சு. மூணாவது தடவ என் கையப் புடிச்சிட்டாரு. இத வுட்ருடா, வராம பாத்துக்கோன்னாரு. அழிச்சுடட்டுமான்னா, அதுவும் வேணாம்னாரு. கெடக்கட்டும்னாரு."

விரிப்புக்கு அடியில் ஒரு கை நீண்டது. கையில் பட்டன் தேய்ந்த போன். ஆபீஸில் பரிசோதனைக்கு வைத்திருப்பதாம். ஒன்பதை அழுத்துங்க என்றான். ஷாயிஸ்தா குனிந்து வாங்கி அண்ணியிடம் கொடுத்தாள்.

தீப்பெட்டி அளவுத் திரை. வற்றிய ஏரி, வெடித்த மண். இடது பக்கத்திலிருந்து ஒன்று நடந்து வந்தது. ஆமை முதுகு, மாட்டுக் கொம்பு, ஆனால் இரண்டு காலில் நடந்தது. கைகளைப் பின்னால் கட்டி, ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வலது காலை லேசாக இழுத்தது. ஐந்தாறு அடி வைத்ததும் நின்றது. முழங்காலைத் தடவியது. தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்தது. மறுபடி நடந்தது.

பதினோரு வருஷமாக அந்த நடையை அவள் பார்க்கிறாள். தினமும் ஐந்து வேளை, இதே தெருவில், பள்ளிவாசலுக்குப் போகும்போதும் வரும்போதும்.

"யாரு அண்ணி இது, நம்ம அத்..." என்று தொடங்கிய ஷாயிஸ்தாவின் கையை நஃபீசா அழுத்திப் பிடித்தாள்.

"அது எதுக்குத் தம்பி திரும்பித் திரும்பிப் பாக்குது?"

"நானும் கேட்டேன்க்கா. கூட யாராச்சும் வராங்களான்னு பாக்குதுடான்னாரு."

கோபத்தில் வரைந்தானா? தினமும் மரம் வரை, பாலம் வரை என்று நச்சரித்த மனிதருக்குக் கொம்பு வைத்துப் பார்த்துச் சிரித்தானா? சிரிக்கத்தான் வரைந்தான் என்றால் கையை ஏன் பிடித்தான்? பாசம் என்றால் சுடுகிற வரிசையில் எதற்கு நிறுத்தினான்? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திரையில் அது மறுபடி நின்று முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, பாங்கு தொடங்கியது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. தூக்குகிறவர்கள் சவப்பெட்டியான சந்தூக்கைச் சுற்றி வந்து நின்றார்கள். முகம் பார்க்காதவங்க பாத்துக்குங்க என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் குரல் கேட்டது. அத்தாவுல்லா விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் மாமா."

"போயிடுச்சா?"

போயிடுச்சு என்று சொல்லத்தான் நஃபீசா வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் அது நல்ல பொய்யாகவே இருந்திருக்கும். இன்னும் இரண்டு நாளில் உண்மையாகவும் ஆகியிருக்கும். ஆனால் அவருடைய ஈரச் சட்டைக் கையைப் பார்த்ததும் அந்தச் சொல் வரவில்லை. மகனுடைய கால் நகத்திலிருந்து காது மடல் வரை கழுவித் துடைத்துவிட்டு வந்து நிற்கிற மனுஷர். இவரிடம் போய் இன்னொரு பொய்யா?

"போகல. ஒன்பதும் இருக்கு. இப்ப சொன்னா அந்தத் தம்பி அழிச்சுடும். ஒன்பதாவத மட்டும் நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் எதுக்கும்மா அத..."

அவள் போனை நீட்டியபடியே இருந்தாள். அவர் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார், இல்லை. கையை நீட்டி எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஷாயிஸ்தா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நஃபீசா மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்துவிடும், இப்போது, என்று.

"இது மனுஷனா, மாடா?"

"தெரியல மாமா."

"கால இழுக்குதே."

அவர் போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"முட்டி வலி போலருக்கு," என்றார் அவர். "இவ்ளோ வலிய வச்சிக்கினு இது எங்க போவுது?"

"அக்கரைக்கு."

"ஒண்டியாவா?"

வெளியிலிருந்து யாரோ, பாய், நேரமாவுது, தூக்கலாமா என்றார்கள். விரிப்புக்கு அடியில் சாக்ஸ் கால்கள் ஒருமுறை இடம் மாறி நின்றன.

"அங்கிள், அழிச்சுடட்டுமா?" என்றான் ஜெயகிருஷ்ணன். "சொன்னீங்கன்னா இப்பவே ஆபீஸ் கிளம்பறேன்."

"இரு தம்பி," என்றார் அத்தாவுல்லா.

திரையின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ஏரி மறைந்தது, கொம்பு மறைந்தது. அவர் பதறினார். எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் கட்டை விரல் போன் மேல் அலைந்தது. பிறகு ஏதோ ஒன்றை அழுத்தினார். வெளிச்சம் வந்தது. அது விட்ட இடத்திலிருந்து நடந்தது.

கூடத்தில் கலிமா சொல்லித் தூக்கினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார், வாசல் பக்கம் இரண்டடி வைத்தார், நின்றார். உள்ளங்கையில் வெளிச்சம் மறுபடி மங்கியது. விரல் இப்போது தேடவில்லை. அதே பட்டனை மெதுவாக, தூங்குகிற ஆளைத் தொட்டு எழுப்புவது போல, அழுத்தினார்.