சுவரில் விழுந்த கைநாட்டு

கடல் தாண்டிய கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் போன கிணறுவெட்டியின் கைநாட்டு, காகிதத்தில் விழாமல் அவன் வீட்டுச் சுவரில் விழுந்தது. துறைமுக ஆபீஸ் குமாஸ்தா நான்கு தடவை மை தடவி அழுத்திப் பார்த்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அதே நேரத்தில் மூன்று மைல் தள்ளி, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி, மண்சுவரில் நான்கு கட்டைவிரல் அடையாளம் வரிசையாகக் கறுப்பதைப் பார்த்தாள். குறுக்கே தழும்பு ஓடிய விரல். புருஷன் விரல் அவளுக்குத் தெரியாதா? கப்பல் சங்கு ஊதவே, குமாஸ்தா தன் விரலையே பதித்து ஆளை ஏற்றிவிட்டார்.

தோட்டத்தில் சம்பளத்துக்கு மாதம் ஒரு கைநாட்டு. கங்காணி தலைகளை எண்ணினானே தவிர தாளைப் பார்க்கவில்லை. அதுவும் இங்கே சுவரில்தான் வந்து விழுந்தது. அவள் தொட்டுப் பார்த்து, "அப்பா நல்லாயிருக்காரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போவாள்.

"கடல் தாண்டிப் போயும் உன் வீட்டுக்காரன் சுவத்த அழுக்காக்குறத விடல பாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆக்கட்டும்க்கா. மை ஈரமா இருந்தா ஆளு உசுரோட இருக்காருன்னு அர்த்தம்."

ஐந்து வருடம் முடிந்து அவன் வந்திருக்க வேண்டிய மாதத்திலும் ஒன்று விழுந்தது. அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுக ஆபீஸுக்கு நடந்தாள். குமாஸ்தாவின் மேசையில் தோட்டத்துத் துரையின் கடிதம் கிடந்தது: ஒப்பந்தத்தில் உள்ள கைநாட்டோடு விரல் பொருந்தவில்லை, ஒப்பந்தக்காரன் இவனல்ல, யாரென்று நிரூபணமாகும் வரை அனுப்ப இயலாது.

"அது என் விரல்மா" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "கப்பலுக்கு நேரமாயிடுச்சு."

"அப்ப அஞ்சு வருஷம் நீங்கல்ல கரும்பு வெட்டியிருக்கணும்?"

மறுநாள் அவள் அந்த முதல் நான்கு அடையாளத்தோடு சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்து, தொட்டில் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். குமாஸ்தா தான் செய்ததை ஒளிக்காமல் எழுதி, அடியில் 'இணைப்பு: சுவர், ஒன்று' என்று சேர்த்து அரக்கு முத்திரை வைத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். தழும்பு உட்படப் பொருந்தியது.

ஏழாம் மாதம் அவன் சுவரை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினான். மகள் அவன் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"சுவத்துல இருக்குற அப்பா நீதானா?"

"நான்தான் தாயி."

மனைவி மண் குழைத்துக் கொடுத்தாள். பெயர்த்த துண்டைப் பொந்தில் பொருத்தி, சுற்றிலும் பூசி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். இந்தத் தடவை, வைத்த இடத்திலேயே விழுந்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, காயும் வரை யாரும் சாயாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.