பச்சைப் பாக்கெட்டின் தேதி

சின்சு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாவது மாடியில், ஒவ்வொரு கருவியின் தலையிலும் பச்சைப் பாக்கெட் மக்காச்சோளப் பொரி ஒன்று உட்கார்ந்திருக்கும். 'சமர்த்தாயிரு' என்பதுதான் அந்தப் பொரியின் பெயரே. கருவி மக்கர் பண்ணாமலிருக்க தைவான் முழுக்க இதுதான் வழக்கம். பாக்கெட் பச்சையாக இருக்கவேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள்தான் இப்படி! சிரிக்காதீர்கள், ஆராய்ச்சி செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

அங்கே ஆராய்ச்சி மாணவி யா-சுன்னுக்கு இந்தச் சோதனை மூன்றாவது முறை. கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் மணிகள், எல்லாம் ஒரே அளவில் வரவேண்டும். இரண்டு முறை அச்சில் வார்த்ததுபோல் வந்தன. மூன்றாவதும் வந்தால்தான் கட்டுரையை ஏற்பார்கள், பட்டமும் கிடைக்கும். இல்லையென்றால் இன்னொரு வருடம் வீணாகும்.

பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான ஸ்டைரீன் எத்தனாலில் கரைந்த குப்பி எழுபது டிகிரி வெந்நீரில் சூடேறிக்கொண்டிருந்தது. இருபதாவது நிமிடம் தெளிந்த திரவம் லேசாக நீலம் பாரித்தது. மணிகளெல்லாம் ஒன்றாகப் பிறக்கும் நேரம் அது. காற்று புகுந்தால் சில பிந்திப் பிறந்து குட்டியாகவே நின்றுவிடும். அதனால் காற்றை அண்டவிடாமல் குப்பிக்குள் ஓடும் நைட்ரஜன் குழாயை அசைக்கவே கூடாது. அவளுக்குத் தெரியாததா?

அப்போதுதான் குப்பியைக் கலக்கும் மோட்டார்மேல் இருந்த பாக்கெட்டின் தேதி கண்ணில் பட்டது. நேற்றோடு முடிந்திருந்தது. அலமாரிக்கு ஓடி ஒரு புதுப் பாக்கெட் எடுத்துவந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பழையதை வெடுக்கென்று இழுத்தாள். அதில் சிக்கியிருந்த நைட்ரஜன் குழாயும் கூடவே கழன்று வந்தது. பதறிப்போய்த் திரும்பச் செருகினாள். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், பட்டாணியும் எள்ளும் கலந்து கொட்டியதுபோல் கிடந்தது. கூடப் படிக்கும் போ-ஹான் எட்டிப் பார்த்தான்.

"ஐயையோ! என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"சரி, அழாத. இடது மூலையைப் பாரு, அங்க எல்லாம் ஒரே சைஸ். அதை மட்டும் படம் எடுத்து அனுப்பிடு."

"மீதி?"

"மீதியை யாரு கேக்கப்போறா?"

யா-சுன் குமிழைத் திருகினாள். மூலையில் மணிகள் வரிசையாக, அழகாக நின்றன. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

நிமிர்ந்தால், நுண்ணோக்கியின் மேலே ஒரு பச்சைப் பாக்கெட். 'சமர்த்தாயிரு.' அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஏய், அப்படியெல்லாம் திருப்பக் கூடாது! மெஷின் கோவிச்சுக்கும்."

"மெஷின் சமர்த்தாத்தான் இருக்கு, விடு," என்றாள் யா-சுன்.