நாற்பத்திரண்டாவது பெயர்

செல்போன்கள் செத்து அன்று மூன்றாவது நாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே செராக்ஸ் கடை வைத்திருந்தவளுக்குக் காலையில் ஷட்டரைத் தூக்கவே கை வரவில்லை. ஊர்வலத்துக்குப் போன தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லை. வதந்தி பரவக்கூடாது என்று அரசாங்கம் டவர்களை நிறுத்தியிருந்தது. வதந்தி என்னவோ கால்நடையாகவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

கடை திறந்த கையோடு போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மெஷினில் இதுவரை எத்தனை பிரதி ஓடியிருக்கிறது என்று காட்டும் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார். மருந்துச் சீட்டு, அடையாள அட்டை தவிர வேறு எதைப் போட்டாலும் கடைக்கு சீல் என்றார். சாயங்காலம் வந்து மறுபடி எண்ணைப் பார்ப்பாராம்.

மத்தியானம் நர்ஸ் வந்தாள், தினமும் வருகிறவள்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊர்வலத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குள் கிடக்கும் நாற்பத்தொரு பேரின் பெயர்கள். கேட்டுக்கு வெளியே சொந்தக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். அவர்களிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. இருநூறு பிரதி வேண்டும் என்றாள்.

கடைக்காரி பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தம்பி பெயர் இல்லை.

போலீஸ்காரர் குறித்துக்கொண்டு போனதைச் சொன்னாள். நர்ஸ் தாளை மடிக்கப் போனாள்.

“வேண்டாம்னா விட்ருங்கக்கா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“இங்க குடு. பிரதி போடக்கூடாதுன்னுதான் சொன்னாரு, படிக்கக்கூடாதுன்னு சொல்லல. நீ முதல்ல கிளம்பு.”

நர்ஸ் தெரு தாண்டி ஆஸ்பத்திரிக்குள் போகும்வரை கடைக்காரி காத்திருந்தாள். பிறகு ஸ்டூலை வாசலில் போட்டு ஏறினாள். முதல் பெயர் முன்வரிசையைத் தாண்டவில்லை. இரண்டாவதைக் கத்தினாள். கூட்டத்தில் ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் தெருவே வாயை மூடிக்கொண்டது. அவள் படிக்கப் படிக்க, பின்னால் நின்றவர்கள் அந்தப் பெயரைத் தங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயரும் தெருக்கோடியிலிருந்த ஆற்றுப் பாலம்வரை போனது.

நாற்பத்தொன்றும் முடிந்ததும் தம்பி பெயரைச் சொன்னாள். “இவனை யாராவது பார்த்தீங்களா?” என்று கேட்டாள். பதில் வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தாளைக் கொடுத்தது யார் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். கடையில் கிடந்தது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மெஷினைப் பறித்துக்கொண்டு, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வெளியே விட்டார்கள்.

வீட்டு வாசலில் முன்பின் தெரியாத பஸ் டிரைவர் ஒருவர் காத்திருந்தார். பாலத்தில் தம்பி பெயர் அவர் காதில் விழுந்ததாம்; கடையை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாராம். அக்கரை ஆஸ்பத்திரியில் அவர் மச்சான் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் அதே பெயரில் ஒரு பையன், கால் முறிந்து கிடக்கிறான் என்றார்.

ஓடினாள். தம்பிதான். வார்டு வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரன் ஒருவன் நின்றிருந்தான்.

“நான் இங்க இருக்கேன்னு யாருக்கா சொன்னா?” தம்பி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

வாசலில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். அவள் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.