சுஹைலாவின் கல்யாணத்துக்கு வந்த ஆமை

என் அண்ணன் தெராமானுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஆமைக் காவல்தான் வேலை. எங்கள் திரெங்கானு கரையில் ஆமைகள் முட்டையிட வரும் மே மாதம் பிறந்துவிட்டால் ராத்திரிச் சோறு அவருக்கு வீட்டில் கிடையாது. வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும் என்று, இருட்டிய பிறகு மணலில் டார்ச் அடித்தவர் யாரானாலும் விடமாட்டார். ஒருமுறை ஊர்த் தலைவரின் மோட்டார் சைக்கிள் சாவியையே பிடுங்கி வைத்துக்கொண்டு, விடிந்த பிறகு கொடுத்தார்.

ஒரே மகள் சுஹைலா. ஆறாம் வகுப்பில் அவள் பரிசு வாங்கிய நாளில், நாற்காலிகளை அடுக்கி முடித்த பிறகுதான் அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முந்தின ராத்திரி ஒரு முட்டைக்குழிக்குள் அலை ஏறிவிட்டதாம். அவள் அழவில்லை. கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "மணலைத் தட்டிட்டு வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அன்னிக்கு ஒரு நாள் ஆமைப் பேச்சே எடுக்கக் கூடாது. எனக்கு மட்டும் அப்பாவா இருங்க."

அண்ணன் குடித்து முடித்த தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா. சத்தியம்" என்றார்.

மாப்பிள்ளை ருஸ்திக்குக் கிளந்தானில், மலைப்பக்கத்து ஊர். நிக்காஹ் முந்தின வாரமே பள்ளிவாசலில் முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து பெண்ணோடு மேடையில் உட்காருவதும் விருந்தும்தான் பாக்கி. எல்லாம் நடுப்பகல் வேலை, விளக்குக்கே தேவை இருக்காது என்பதால், கடலைப் பார்த்த பக்கம் சவுக்கு மரத்தடியில் மணமேடை போட அண்ணன் சம்மதித்திருந்தார்.

நடுப்பகலில் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. மலைச்சாலையில் அவர்கள் பேருந்து நின்றுபோய், மாற்று வண்டி கிடைத்து, மக்ரிப் தொழுகை முடிந்த பிறகுதான் வந்து இறங்கினார்கள். நாற்பது பேர். நெய்ச்சோற்றை நான் மூன்று தடவை சூடு பண்ணியிருந்தேன். சமையல் பொறுப்பு என்னுடையது. இருட்டிவிட்டதால் பையன்கள் மேடையைச் சுற்றிலும் மரங்களிலும் சரவிளக்கு கட்டினார்கள். அண்ணன் விளக்குகளை நிமிர்ந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கொம்பாங் மேளம் முழங்க மாப்பிள்ளை வந்து சுஹைலாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். தங்கச் சரிகைப் பாவாடையில் அவள் ஜொலித்தாள். நான் ரெண்டாங் கறிச் சட்டியோடு மேடையைத் தாண்டிப் போனபோது, "மாக் சூ" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். குடும்பத்தில் கடைசி அத்தை என்பதால் நான் அவளுக்கு மாக் சூ.

"கீழ ஈரமணல்ல பாருங்க."

அலை வந்து திரும்பும் இடத்தில், கவிழ்த்த வள்ளம் போல ஒரு பேராமை. தலையைத் தூக்கி விளக்குகளைப் பார்த்தபடி நின்றிருந்தது. முன்துடுப்பு ஒன்று கடல் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

"இப்ப அப்பாவைப் பாருங்க."

அண்ணன் சம்பந்திக்கு ரோஜா சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார். குவளை நிறைந்து வழிந்து சம்பந்தியின் சட்டைக் கை நனைவதுகூடத் தெரியாமல் ஊற்றினார். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் கறி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார்.

"அவரு பாத்துட்டாரு மாக் சூ. பாக்காத மாதிரி நிக்கிறாரு. எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக." அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என்னால தாங்க முடியல. விளக்கை அணைக்கச் சொல்லுங்க. மேளத்தையும் நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன்டி, இப்பத்தான உக்காந்திருக்க. சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நானே எந்திரிச்சு வரட்டுமா?"

நான் போய்க் கம்பியைப் பிடுங்கினேன். ஒரே நொடியில் கல்யாணம் முழுக்க இருட்டானது. மேளம் நின்றது.

"கரண்டு போச்சா?" என்று கேட்டது மெக் யா. மாப்பிள்ளையின் பெரியத்தை, பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. "எங்க ஊர்ல மாப்பிள்ளைய விளக்கு வச்சுக் கூப்பிடுவோம். இங்க அணைச்சுக் கூப்பிடுறாங்க."

அண்ணி எசா என் கையைக் கிள்ளினாள். "மானம் போகுது. யார் சொல்லி அணைச்ச?"

"உன் மக சொல்லி."

மேடையிலிருந்து சுஹைலா, உரக்க இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கடல்லேர்ந்து ஒரு விருந்தாளி வந்திருக்கு. அது முட்டை போட்டுட்டுப் போற வரைக்கும் சத்தம் வேண்டாம். இருந்த இடத்துலயே உக்காந்து சாப்பிடுங்க."

அண்ணன் தட்டுத் தடுமாறி மேடைக்கு வந்தார். "நீ எதுக்கும்மா இத... நான்தான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான்ப்பா. சொல்லாம நின்னீங்களே, அதைத்தான் பாக்க முடியல. கல்யாணம் எங்கயும் ஓடாது. அது ஓடிரும். போங்க."

அவர் போகாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தபடி மணலில் இறங்கினார்.

ஆமை வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. மேடையருகில் நின்ற எனக்கே கேட்டது. மேலே ஏறத் தொடங்கியது. தாழம்புதருக்குக் கீழே ஒரு குழி தோண்டிப் பார்த்தது, வேர் தட்டியது, விட்டுவிட்டது. நேராக மேடையின் பின்பக்கம் வந்தது. அங்கேதான் அதற்கு மண் பிடித்திருக்கிறது. நாலு துடுப்பாலும் வாரி இறைத்த மணல் மணப்பெண் முதுகிலும் மாப்பிள்ளையின் தலைப்பாகையிலும் சொரிந்தது. எழுந்தால் ஆமை மிரளும் என்று இரண்டு பேரும் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ருஸ்தி கடலாமையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறான். "இது கடிக்குமா?" என்று கிசுகிசுத்தான்.

"பேசினா நான் கடிப்பேன்" என்றாள் சுஹைலா.

கீழே இருட்டில் விருந்து நடந்தது. கையால் தடவித் தடவிச் சாப்பிட்டார்கள். "கறின்னு நெனச்சுக் கடிச்சேன், சித்தரத்தை" என்று மெக் யாவின் முனகல் கேட்டது. பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் அண்ணன் வந்தார். அதுவரை கிட்டே போனால் ஆமை விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை விழ ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் நகராது. ஆமையை மிரட்டாத சிவப்பு விளக்கை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டார். பின்பக்கமாக மட்டும் வரணும், தலைப்பக்கம் போகக் கூடாது, தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நான் கை கழுவும் பாத்திரத்தின் தண்ணீரைக் கொட்டித் துடைத்து நீட்டி எல்லோருடைய கைப்பேசியையும் அதில் வாங்கினேன்.

"நான் தர மாட்டேன். என் மவளுக்குப் படம் அனுப்பணும்" என்றார் மெக் யா.

"அப்ப நீங்க இங்கயே இருங்க மெக் யா. சித்தரத்தை இன்னும் இருக்கு" என்றேன்.

கைப்பேசி பாத்திரத்தில் விழுந்தது.

பட்டு உடுப்போடு மெக் யா மணலில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாய் இரண்டும் மூன்றுமாக விழுவதைப் பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை. அன்று அவர் பேசாமல் இருந்தது அப்போதுதான். பிறகு அண்ணனின் காதருகே சொன்னார்: "பாவம், எப்படி மூச்சு வாங்குது பாருங்க. நாலாவது புள்ளைக்கு நானும் இப்படித்தான் கெடந்தேன். கூட யாருமே இல்ல."

"இன்னிக்கு இதுக்கு நீங்க இருக்கீங்கல்ல" என்றார் அண்ணன்.

மெக் யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணல் விழுந்துவிட்டது என்றார். மணலும் விழுந்துதான் இருந்தது.

குழியை மூடி, மேலே மணலை வாரிப் பரப்பித் தடத்தை மறைத்துவிட்டு ஆமை கடலுக்குத் திரும்பியபோது மணி பத்தரை. நுரைக்குள் அது மறைகிற வரைக்கும் நாற்பது கிளந்தான்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு அந்தச் சிவப்பு விளக்கிலேயே மணமக்களை வாழ்த்தும் சடங்கு நடந்தது. முதலில் அண்ணன். பன்னீர் தெளிக்க வேண்டியவர், மகளின் தோளிலும் மடியிலும் கிடந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். "போதும்ப்பா, வரிசையில ஆளு நிக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டார்.

மறுநாள் மேடையைப் பிரித்து, குழியைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார் அண்ணன். அன்று பிற்பகலே சுஹைலா மலைப்பக்கம் போய்விட்டாள்.

ஐம்பத்தாறாவது நாள் சாயங்காலம் மணல் குழிந்து குஞ்சுகள் வெளியே வந்தன. கடைசிக் குஞ்சு அலைக்குள் போன பிறகு அண்ணன் மகளைக் கூப்பிட்டார். கைப்பேசியில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசுகிற மனிதர் இல்லை அவர். குஞ்சுகள் வந்த சேதியை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "சாப்டியா?" என்று கேட்டார். சுரைக்காய்க் குழம்பு என்றாள் போல. அதில் தேங்காய்ப்பால் விட்டாயா, அங்கே ராத்திரியில் குளிருமா, மெக் யா உன்னை நல்லபடியாக வைத்துக்கொள்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபடி, நனைந்த கால்சட்டையோடு கரையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். நான் சோறு போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அது ஆறிப்போயிற்று.