பெரியப்பாவின் கேஸ்கெட்

என் பெரியப்பா 1965-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட, இரண்டு இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், துணிக்கூரை. ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். பணிப்பதிவேட்டில் அவருடைய பெயர் இ. பச்சைமுத்து. இ என்பது இங்கிலாந்து.

அலுவலகத்தில் கோப்புகளைக் காத்திருக்க வைப்பது அவருடைய பொறுப்பு. காலையில் அம்மா அவரை ஓட்டிக்கொண்டு போய், அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, ஒண்டிப்புதூர் பஸ் பிடித்துத் திரும்புவார். உடனே தீர்க்க வேண்டாத கோப்புகளைக் கொண்டுவந்து பெரியப்பாவின் இடது இருக்கையில் வைப்பார்கள். ஐந்தே முக்கால் மணி வரை அவை அசையாமல் இருக்கும். இந்த வேலையில் அவர்மீது ஒரு புகார்கூட வந்ததில்லை. மூன்று முறை பதவி உயர்வு வந்தது. உதவியாளர்களின் பிரிவு மாடியில் இருந்ததால், மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவருக்குத் திருமணம் ஆகவில்லை. அதனால் தம்பி மகனான நான்தான் வாரிசு. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். இன்னொன்றும் தெரியும். அரசு ஊழியர் பணியில் இருக்கும்போதே காலமானால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. ஓய்வு பெற்றபின் காலமானால் கிடையாது. பெரியப்பா ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெற வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் அவர் வெள்ளைப் புகை விட ஆரம்பித்தார்.

அம்மா மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் வேலை செய்கிறவர். பெரியப்பாவின் உடம்பை முழுக்கப் பார்த்துக்கொள்வது அவர்தான். கணவரின் அண்ணன், மச்சாண்டார் முறை என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், முன்னால் உட்காரவும் மாட்டார். அடியில் படுத்துக்கொள்வார், அல்லது உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்வார். அன்று ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில், பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில் இருந்தது.

“தண்ணி ஆயில்ல கலக்குது கண்ணு. ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, தலைக்கடியில இருக்கற தகடு. லீவு லெட்டர் எழுது.”

எழுதினேன். பொருள்: மருத்துவ விடுப்பு வேண்டுதல். என் பெரியப்பாவுக்கு இன்ஜினில் நீர் கோத்திருப்பதால் பதினைந்து நாள்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துக்கு அவர் முன்சக்கரத்தை ஒருமுறை உருட்டினார். எப்போதும் போடும் கையெழுத்துதான், கொஞ்சம் நடுங்கியிருந்தது.

கடிதத்தைக் கொடுக்கப் போனபோது மாவு மில் ஆறுச்சாமி அண்ணன் என்னை நிறுத்தினார்.

“பெரியப்பாவுக்கு எப்புடீங்க தம்பி இருக்குது?”

“முடியலைங்கண்ணா. வெள்ளையாப் புகை வருதுங்க.”

“அப்புடீங்களா!” என்று என் தோளைத் தட்டினார். “எல்லாம் நல்லதுக்குத்தானுங்க. முப்பதுக்குள்ளீங்களா?”

“அம்மா கேஸ்கெட் மாத்தறேங்கறாங்க.”

அவருடைய முகம் வாடிவிட்டது. “அடடா. மனசத் தளர விடாதீங்க தம்பி” என்றார்.

அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்ட கண்காணிப்பாளர் ஹேமலதா மேடம் பெரியப்பாவின்மேல் மரியாதை உள்ளவர். ஆனால் முறைப்படி நடப்பவர். “சார் சீக்கிரம் நல்லாகி வரட்டும்” என்று சொல்லி, வாரிசு வேலைக்கான விண்ணப்பம் ஒன்றையும் கையில் கொடுத்தார். “சும்மா பூர்த்தி பண்ணி வெச்சுக்குங்க. தேதிய மட்டும் விட்டுருங்க.”

வீட்டுக்கு வந்து பூர்த்தி செய்தேன். பென்சிலில்தான் செய்தேன்.

இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, பெரியப்பாவின் தலையைக் கழற்றினோம். வாசலில் வைத்துக் கழற்றத் தொடங்கியபோது, நைட் ஷிஃப்ட் முடித்து உள்ளே படுத்திருந்த அப்பா குரல் கொடுத்தார்.

“எம்.எம். ஸ்பேனர் போட்டுத் திருகாத புள்ள. அண்ணனுக்கு இஞ்சுதான் சேரும்.”

“நீங்க தூங்குங்க. உங்கண்ணன எனக்குத் தெரியும்” என்றார் அம்மா.

இன்ஜின் தலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், முன்னறையில் செய்தித்தாள் விரித்து, டிவிக்கு எதிரில் வைத்தோம். அன்று முழுவதும் அவர் செய்தி பார்த்தார். விளம்பரம் வந்தால் தலையிலிருந்து ஒரு சொட்டு விழும்.

இந்த வயதுக் காருக்குக் கேஸ்கெட் கடையில் கிடைக்காது. அம்மா தாமிரத் தகட்டை வாங்கிவந்து, பழைய கேஸ்கெட்டை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டினார். பிறகு சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, தகட்டைக் காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அப்போதுதான் தாமிரம் மெத்தென்று ஆகி, இரும்போடு ஒட்டி உட்காருமாம். நான்கு வருடப் படிப்பில் இதை நான் ஒரு தாளில் எழுதி ஏழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தலையைத் திரும்ப மாட்டினோம். என் வேலை பெரியப்பாவின் புத்தகத்தைப் படித்துச் சொல்வது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. பத்து நட்டுகளையும் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஒன்றுவிட்டு ஒன்று முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. குறைந்தால் தண்ணீர் மறுபடியும் கலக்கும். கூடினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். இவ்வளவு பழைய இன்ஜினில் மரை போனால், அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

புத்தகத்தில் ஐம்பது பவுண்டு அடி என்று போட்டிருந்தது. எங்களிடம் இருந்த, முறுக்கு அளக்கும் டார்க் ரெஞ்சில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு. செல்போனில் மாற்றிப் பார்த்தேன். கையாலும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.

“ஆறு புள்ளி ஒன்பதுங்கம்மா.”

நான் சொன்ன அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது.

“ஒன்பதா?” என்றார் அம்மா. ரெஞ்சின் அடியில் இருக்கும் வளையத்தைத் திருகி ஒன்பதில் வைத்தார். முதல் நட்டில் மாட்டினார்.

நான் பேசவில்லை. மூன்று நொடி பேசாமல் இருந்தேன். ஒன்பது என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். மேஜை, நாற்காலி, என் பெயர் எழுதிய பலகை, சட்டம் போட்டு மாட்டிய என் பட்டம், எல்லாம் அந்த மூன்று நொடிக்குள் வந்துபோயின. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பேட்டரி கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

“ஆறு புள்ளி ஒன்பதும்மா” என்றேன். கத்தித்தான் சொன்னேன். மிக்ஸி அப்போது நின்றுவிட்டிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. எதிரில் மில் வாசலில் நின்றிருந்த ஆறுச்சாமி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் வளையத்தை ஆறு புள்ளி ஒன்பதில் வைத்தார்.

“ஒன்பதுல முறுக்கியிருந்தா உனக்கு வேலை கெடச்சிருக்கும்” என்றார்.

“ஆமாங்கம்மா.”

“ரெண்டாவது நட்டு எதுன்னு சொல்லு.”

சொன்னேன். பத்தும் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, புது ஆயில் ஊற்றி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினார். பெரியப்பா நான்கைந்து முறை செருமினார். பிறகு ஓட ஆரம்பித்தார். புகை இல்லை. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று பார்க்க, அம்மா ரப்பர் குழாயின் ஒரு முனையை அவற்றின் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, மாறி மாறிக் கேட்டார்.

“பின்னாடி இருக்கறது கொஞ்சம் முனகுது” என்று ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பினார். என்னையும் கேட்கச் சொன்னார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. அதை அப்படியே சொன்னேன். “அப்பச் சரியா இருக்குது” என்றார்.

அன்றே அந்த விண்ணப்பத்தை அழித்தேன். பென்சில் என்பதால் சுத்தமாக அழிந்தது.

முப்பதாம் தேதி திங்கட்கிழமை. மூவரும் அலுவலகம் போனோம். அம்மா ஸ்டியரிங்கில், நான் கோப்புகளின் இருக்கையில். சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது பெரியப்பா திணறினார். அணைந்துவிடுவார் போலிருந்தது. கடைசி நாளும் பணி நாள்தான். பக்கத்தில் பைக்கில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நின்னு போயிருமாட்ட இருக்குதே” என்றார். நான் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பச்சை விளக்கு விழும்வரை விடவில்லை. விரல் வலித்தது.

அலுவலகத்தில் அவருக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். பானெட்டில் சால்வை போர்த்தி, கண்ணாடிக்கு மாலை போட்டார்கள். ஹேமலதா மேடம் பேசும்போது, “சார் கைக்கு வந்த கோப்பு எதுவும் வெளியே போனதில்லை” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்தே முக்காலுக்குப் பெரியப்பா வருகைப் பதிவேட்டின்மேல் ஏறிக் கடைசிக் கையெழுத்தைப் போட்டார். நடுக்கம் இல்லை. உயிரோடு, நல்ல உடம்போடு ஓய்வு பெற்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இரண்டும் இருந்தன என்று எழுதுவதுதான் சரி.

அம்மா அவரைப் பின்னுக்கு எடுத்தார். நான் ஹேமலதா மேடத்தின் அருகில் போய் நின்றேன்.

“மேடம், சாரோட இடம் இப்பக் காலிங்களா? எழுத்துத் தேர்வு எதாச்சும் வைப்பீங்களா?”

“நாளைக்கே ஆள் சேர்றாருங்க தம்பி” என்று அவர் மரத்தடியைக் காட்டினார்.

பெரியப்பா முப்பத்தாறு வருடம் நின்ற இடத்தில் ஓர் ஆயில் கறை இருந்தது. ஜமுக்காளம் அளவுக்கு இருந்தது. நடுவில் கருப்பு, ஓரத்தில் பழுப்பு.

“சீனியாரிட்டி இவருக்குத்தானுங்க” என்றார் மேடம். “ஞாயித்துக்கெழமகூட லீவு போட்டதில்ல. ஆறு மணிக்கு மேலயும் இங்கயேதான் இருப்பாரு.”

அம்மா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். “அவுங்கப்பாவாட்டவே இருக்குது” என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருப்பா” என்றார்.

அப்படியானால் எனக்கு அவர் அண்ணன் முறை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

“நீங்க போயிராதீங்க தம்பி” என்றார் மேடம். “சேர்றதுக்கு முந்தியே அவரு வாரிசு நியமனப் படிவம் கொடுத்துட்டாரு. உங்க பேரத்தான் போட்டிருக்காரு. நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்.”

படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படித்தேன். என் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி எல்லாம் சரியாக இருந்தன. உறவுமுறை என்ற இடத்தில் ‘முதல் தம்பி’ என்று இருந்தது.

“ரெண்டாவது தம்பி யாருங்க மேடம்?”

“அது மழை பேஞ்சு இவரு ரெண்டாப் பிரிஞ்சாத்தானுங்க தெரியும்.”

“சரிங்க” என்று சொல்லி, பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.